குப்பைக்குப் போகாத ஃபைல்

அந்த லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஆபீஸ் வைத்திருந்த பட்டப்பேர் ‘வசனம்’. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது அவள் காதில் விழாமலும் இல்லை. விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

பேர் வந்த கதை சின்னதுதான். மெக்கானிக்குகள் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் போய் லிஃப்டைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். அதை ஸ்கேன் செய்து, பேர் வைத்து, கம்ப்யூட்டரில் சேர்ப்பது அவள் வேலை. அவளுக்கு முன்னால் இருந்தவர் கட்டிட எண், தேதி என்று போட்டு முடித்துவிடுவார். இவள் வந்த முதல் மாதமே ஒன்றைக் கவனித்தாள். ஃபைலைத் திறந்து படிக்கிற ஆள் அந்த ஆபீஸில் ஒருத்தர்கூட இல்லை. மேனேஜர் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டுவார், எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், மூடிவிடுவார்.

அன்றிலிருந்து அவள் ஃபைலுக்குப் பேராக முழு வாக்கியத்தையே எழுத ஆரம்பித்தாள். ‘ஆறாவது மாடியில் கதவு மூடும்போது கை மாட்டுது.’ ‘மோட்டார் ரூமில் மழைத்தண்ணி இறங்குது.’ ‘போன மாசம் சொன்னதையே இந்த மாசமும் சொல்றேன்.’

“என்னம்மா இது, ஃபைலுக்குப் பேரா, சினிமா வசனமா?” என்று மேனேஜர் ஒருநாள் கேட்டார். முதலாளியின் மச்சான் அவர். அந்த ஒரு தகுதியில் அந்த நாற்காலிக்கு வந்தவர்.

“உள்ள இருக்கறதைத்தான் யாரும் படிக்கறதில்ல சார். பேரையாவது கண்ணு பாத்துத்தானே ஆகணும்?”

“நம்பர் போட்டா போதும்.”

“நம்பரைப் பாத்தா யாருக்கும் வயித்துல புளி கரையாது சார்.”

பக்கத்து மேஜைக்காரர் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். வசனம் என்ற பேர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

மெக்கானிக்குகளில் ஒருத்தன் மட்டும் அவளிடம் தாளைக் கொடுத்துவிட்டு உடனே போகமாட்டான். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். மேஜை ஓரத்தில் நின்று, அவள் என்ன பேர் வைக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று அவன் பொறுப்பில் இருந்தது. அதன் பின்வாசல் லிஃப்டில் கம்பிக் கயிறு தேய்ந்துவிட்டது என்று முதல் தடவை எழுதிக் கொண்டுவந்தான். அடுத்த மாதம் இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை வந்தபோது அவன் குரலே மாறிப்போயிருந்தது.

“அக்கா, கம்பி ஒவ்வொண்ணா அறுந்து நிக்குது. கையுறை போடாம தொட்டா கையைக் கிழிச்சுடும். மேனேஜர்கிட்ட நேராவே சொன்னேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாங்கறாரு.”

“கயிறு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கேன்னு எழுதிக் குடுத்துச்சாமா?”

அவன் சிரிக்கவில்லை. அவள் தாளை ஸ்கேன் செய்தாள். பேர் அடிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் யோசித்தாள், மறுபடி அடித்தாள். கம்ப்யூட்டர் எவ்வளவு நீளம் வரைக்கும் பேரை ஏற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த எல்லைக்குப் பக்கம் போகும் வரை விடவில்லை. ‘மூணாவது தடவை எழுதுறேன் பின்வாசல் லிஃப்ட் கயிறு நூலா பிரியுது உடனே மாத்துங்க யாராவது படிங்க.’

யாரும் படிக்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் குடியிருப்பில் இருந்த நர்ஸ் ஒருத்தி வேலைக்குப் போக நாலாவது மாடியில் அந்த லிஃப்டில் ஏறினாள். கதவு மூடியது. லிஃப்ட் இறங்கவில்லை, விழுந்தது. முதல் மாடிக்குக் கீழே பாதுகாப்புப் பிடி தாமதமாகவாவது கவ்வியதால் உயிர் தப்பினாள். இரண்டு கணுக்காலும் நொறுங்கிவிட்டன. தீயணைப்புக்காரர்கள் கதவைப் பிளந்து அவளை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

சாயங்காலத்துக்குள் கம்பெனி வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. பராமரிப்பில் அலட்சியமாக இருந்த மெக்கானிக் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார் என்று. மறுநாளே அரசாங்கத்தின் பாதுகாப்பு விசாரணை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த லிஃப்ட் சம்பந்தப்பட்ட எல்லாப் பதிவுகளையும் ஒப்படைக்க வேண்டும், எதையும் மாற்றவோ அழிக்கவோ கூடாது, திங்கட்கிழமை விசாரணை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வந்து பையை மாட்டுவதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். அவள் நாற்காலியில், அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

“ஏம்மா, இந்த ஒரு ஃபைல் மட்டும் குப்பைத்தொட்டிக்குப் போக மாட்டேங்குது. என்ன கோளாறுன்னு பாரு.”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அந்தக் குடியிருப்பின் ஃபோல்டர் திறந்திருந்தது. நாற்பத்திரண்டு ஃபைல் இருந்த இடம். இப்போது ஒன்றே ஒன்று இருந்தது. அதற்கு மேல் ஒரு சின்னச் சதுரத்தில் செய்தி: குப்பைத்தொட்டிக்கு நகர்த்த முடியவில்லை, பெயர் மிக நீளமானது.

படிக்கும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குப்பைத்தொட்டி என்று நாம் சொன்னாலும், அந்தக் கம்ப்யூட்டர் எதையும் சும்மா தூக்கிப் போடுவதில்லை. போடுகிற ஒவ்வொரு ஃபைலுக்கும் கூடவே ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைக்கும். இது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று. பின்னால் மனசு மாறினால் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டுமே, அதற்கு. அந்தச் சீட்டுக்கும் ஃபைலின் பேரேதான், பின்னால் ஒரு வால் மட்டும் கூடும். பேரே எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றால் வாலுக்கு இடம் ஏது? தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தைப்போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், அவள் வைத்த பேரில் ஊசி நுழையவும் இடமில்லை. சீட்டு எழுத முடியவில்லை. சீட்டில்லாமல் குப்பைத்தொட்டி அதை வாங்கிக்கொள்ளவில்லை.

“என்னம்மா, சிலை மாதிரி நிக்கறே? உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்ப அழிச்சு விடு.”

“மாட்டேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல்லை அந்த ஆபீஸில் அவரிடம் யாரும் சொன்னதில்லை. காது சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகம் முகத்தில் ஓடியது.

“என்ன சொன்னே?”

“மாட்டேன்னு சொன்னேன் சார். ஒரு மனுஷன் மூணு தடவை எழுதிக் குடுத்தது இது. அவன் வாயில மண்ணைப் போட்டுட்டு, அதை மூட என் கையையே கேக்கறீங்களா?”

“வேலை வேணுமா வேண்டாமா?”

“வேணும். அதுக்காக இதைச் செய்ய மாட்டேன்.”

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். முதலாளியிடம் பேசிவிட்டு வந்து உன்னைக் கவனிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு ஆடி நின்றது. பக்கத்து மேஜைக்காரர் தன் கீபோர்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மௌஸைப் பிடித்தாள். குப்பைத்தொட்டியைத் திறந்தாள். நாற்பத்தொரு ஃபைலும் உள்ளே இருந்தன. போட்டால் போயே போய்விட்டது என்று நினைக்கிற ஆள் மேனேஜர். இன்னொரு தடவை அதைக் காலி செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அல்லது இந்த முரண்டு பிடித்த ஒன்றையும் உள்ளே தள்ளிவிட்டு மொத்தமாகச் செய்யலாம் என்று இருந்திருப்பார். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நேரம் தெளிவாக இருந்தது. வியாழன், காலை ஏழு ஐம்பத்திரண்டு. விசாரணைக் கடிதம் கைக்கு வந்த மறுநாள். அவள் ஆபீஸுக்கு வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘மீட்டெடு’ என்பதை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். விரல் அதன் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. மீட்டெடுத்தால் சீட்டுகள் போய்விடும், சீட்டோடு அந்த நேரமும் போய்விடும். ஃபைலைவிட இப்போது அந்த நேரம்தான் முக்கியம் என்று அவளுக்குத் தோன்றியது.

சீட்டுகள் இருக்கிற மறைவான ஃபோல்டருக்குப் போனாள். ஒன்றைத் திறந்தாள். அவள் பார்த்துப் பார்த்து எழுதிய வாக்கியம் அங்கே வெறும் சதவீதக் குறியும் எண்ணுமாக, ஈ மொய்த்த மாதிரிக் கிடந்தது. கம்ப்யூட்டர் தமிழ்ப் பேரை அந்தச் சீட்டில் அப்படித்தான் எழுதி வைக்கும். ஆனால் அடுத்த வரியில் தேதியும் நேரமும் பச்சைப்பிள்ளைகூடப் படிக்கிற மாதிரி இருந்தன.

விசாரணைக் கடிதத்தின் நகல் பலகையில் குத்தியிருந்தது. அதில் மெயில் முகவரி இருந்தது. நாற்பத்திரண்டு ஃபைலையும் நாற்பத்தொரு சீட்டையும் நாலு மெயிலாகப் பிரித்து இணைத்தாள். மேலே இரண்டே வரி எழுதினாள். ‘இவற்றில் நாற்பத்தொன்று இன்று காலை அழிக்கப்பட்டன. நான் அழிக்கவில்லை, அழிக்கச் சொன்னபோது மறுத்துவிட்டேன்.’ கீழே தன் முழுப்பேரையும் போன் எண்ணையும் போட்டாள். அனுப்பினாள்.

நாலாவது மெயில் போய்ச் சேரவும் மேனேஜர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“எழுந்திரு. இன்னையோட உனக்கு இங்க வேலை இல்ல. இனிமே நீ அதைத் தொடக்கூடாது.”

“தொட்டாச்சு சார். விசாரணை ஆபீஸுக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டேன். ஒளிச்சுச் செஞ்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, அதான் உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.”

மேனேஜர் சுவருக்குப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. அவர் கையில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றது, பாம்பை அடித்துவிட்டுப் பயந்து நிற்கிறவர் மாதிரி இருந்தது. அவள் பையை எடுத்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். இழுப்பறையில் இருந்த தன் கண்ணாடிக்கூட்டை எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“இருமிக்கோங்க,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பயந்த சுபாவம், சண்டை நடக்கிற தெருவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர். அத்தனையும் கேட்டுவிட்டு இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“நமக்கு எதுக்குடி இந்த வம்பு? கயிறு அறுந்தது அவங்க கயிறு, மாத்தாதது அவங்க. நீ நடுவுல போய் தலையைக் குடுத்திருக்கே.”

“நானாங்க குடுத்தேன்? என்னைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னாங்க. அங்கயே என் தலை மாட்டிக்கிச்சு. அழிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்த நர்ஸ் நடக்கப் பழகும்போதெல்லாம் எனக்குக் கால் வலிக்கும்.”

அவர் மறுபடி இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். காலரைத் தேய்த்துக்கொண்டே, “விசாரணை என்னைக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“திங்கக்கிழமை.”

“வேனை இன்னொருத்தன்கிட்ட விட்டுட்டு வரேன். உள்ள எல்லாம் வரமாட்டேன். வெளியில உக்காந்திருப்பேன்.”

அதற்குள் முதலாளியே போன் செய்தார். முதலில் தேன் ஒழுகப் பேசினார். குடும்பம் மாதிரி இருந்தோமே என்றார். பிறகு கம்பெனி ரகசியத்தை வெளியே அனுப்பியதற்கு வழக்குப் போடுவேன் என்றார். அவள் முழுவதையும் கேட்டாள்.

“போடுங்க சார். கோர்ட்டுல அந்த ஃபைலோட பேரை ஒரு தடவை வாசிப்பாங்க இல்ல, அதுவரைக்கும் எனக்கு லாபம்தான். வைக்கிறேன்.”

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேஜை, ஆறு நாற்காலி, சத்தம் போடுகிற மின்விசிறி. அதிகாரி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பக்கம் முதலாளியும் மேனேஜரும். எதிர்ப்பக்கம் மெக்கானிக், நகத்தைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி. அவன் பக்கத்தில் அவள். கதவுக்கு வெளியே பெஞ்சில் அவள் புருஷன்.

அதிகாரி முதல் கேள்வியை அவளிடம்தான் கேட்டார். “நீங்க அனுப்பினதுல ஒரு ஃபைல் எங்க சிஸ்டத்துல சேமிக்கவே மாட்டேங்குதும்மா. பேர் ரொம்ப நீளம்னு திட்டுது. சின்னதா மாத்திக் குடுத்துடறீங்களா?”

“மாட்டேன் மேடம்.”

மெக்கானிக் பதறித் திரும்பினான். “அக்கா…”

“மன்னிச்சுக்கோங்க மேடம், மரியாதைக் குறைவா சொல்லல. நான் வைக்கற பேரைச் சுருக்கு சுருக்குன்னு மூணு வருஷமா எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. நான் சுருக்கிக் குடுத்தா, இப்படி ஒரு பேரே இல்லன்னு நாளைக்கு அவங்க சொல்லுவாங்க. உங்க பெட்டியில இடம் இல்லன்னா கையால எழுதிக்கோங்க.”

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். “சொல்லுங்க.”

அவள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மூணாவது தடவை எழுதுறேன். பின்வாசல் லிஃப்ட். கயிறு நூலா பிரியுது. உடனே மாத்துங்க. யாராவது படிங்க. எழுதி முடித்து அதிகாரி அதைத் திருப்பி ஒரு தடவை சத்தமாக வாசித்தார். மெக்கானிக் மேஜைக்குக் கீழே இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டான்.

“இதெல்லாம் கதை மேடம்,” என்று முதலாளி குறுக்கிட்டார். “விபத்து நடந்தப்புறம் இவங்க ரெண்டு பேரும் சேந்து எழுதினது. ஃபைலுக்கு யாராவது இப்படிப் பேர் வைப்பாங்களா? உலகத்துல எங்கயாவது உண்டா? எங்க கம்ப்யூட்டர்ல இப்படி ஒரு ஃபைலே இருந்ததில்ல.”

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க? இப்படி ஒரு ஃபைல் இருந்ததா?”

“இல்லவே இல்ல மேடம்.”

“அப்ப வியாழக்கிழமை காலையில இந்த அம்மாவை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“கம்ப்யூட்டர்ல ஒரு சின்னக் கோளாறு.”

“என்ன கோளாறு?”

“அது வந்து மேடம், மத்ததெல்லாம் ஒழுங்கா உள்ள போயிடுச்சு, அந்த ஒண்ணு மட்டும் போக மாட்டேன்னு…”

முதலாளி மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார். மச்சானை அந்த நாற்காலியில் உட்கார வைத்த நாளை அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

“மத்ததெல்லாம்,” என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். “எத்தனை? நாற்பத்தொண்ணா? ஏழு ஐம்பத்திரண்டுக்கா?” பக்கத்தைத் திருப்பினார். “சரி, அதையும் கையாலயே எழுதிக்கறேன்.”

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த மற்றக் கட்டிடங்களை வேறு ஆட்கள் போய்ச் சோதித்தபோது, இன்னும் இரண்டு லிஃப்டில் கயிறு அதே கதியில் இருந்தது. மாற்றினார்கள். மெக்கானிக் மேல் தப்பில்லை என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நர்ஸுக்கு மூன்று தடவை அறுவை சிகிச்சை நடந்தது. இடது கால் தேறிவிட்டது. வலது கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை.

அவளுக்கு வேலை போனது போனதுதான். யாரும் கூப்பிட்டுப் பாராட்டவில்லை, மாலை போடவில்லை. நாலு மாதம் வீட்டில் இருந்தாள். வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு படிவத்திலும் அதே கேள்வி: முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?

“சொந்தக் காரணம்னு எழுதிடேன், யாரு கேக்கப் போறா?” என்றார் புருஷன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு.

“சொந்தக் காரணம் இல்லீங்களே.”

‘ஒரு பதிவை அழிக்கச் சொன்னார்கள், மறுத்தேன், அதனால் அனுப்பிவிட்டார்கள்’ என்று எழுதினாள். மூன்று இடத்தில் பதிலே வரவில்லை. நாலாவது, ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு. நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “இது நிஜமா?” என்று கேட்டார்கள்.

“ஆமா,” என்றாள். “இங்கயும் அழிக்கச் சொன்னீங்கன்னா மாட்டேன். அதை இப்பவே சொல்லிடறேன்.”

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள்.